காணாமையும் இன்மையும்

தரையில் குடம் இல்லை என்பதை நாம் எப்படி அறிகிறோம் என்ற கேள்வியை நம் நாட்டுத் தார்க்கிகர்கள் பல நூற்றாண்டுகள் சலிக்காமல் விவாதித்திருக்கிறார்கள். இருக்கிற குடத்தைக் கண் காண்கிறது, சரி; இல்லாத குடத்தின் இல்லாமையைக் காண்பது எது? குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்களும், பிற்காலத்து அத்வைதிகளும், இதற்கென்றே அனுபலப்தி என்று ஆறாவது பிரமாணம் ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். காணப்படாமையே இல்லாமைக்குச் சாட்சி என்பது அதன் பொருள். ஆயினும் அவர்கள் அவசரக்காரர்கள் அல்லர். அங்கே இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்று சொல்லத்தக்க பொருளின் விஷயத்தில் மட்டுமே இந்தப் பிரமாணம் செல்லும் என்று ஒரு நிபந்தனையை உடனே சேர்த்துக்கொண்டார்கள். நல்ல வெளிச்சத்தில் குடம் காணப்படவில்லையென்றால் குடம் இல்லை. இருட்டறையில் காணப்படவில்லையென்றால் அதைப்பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. பிசாசைக் காணோம் என்பதால் பிசாசு இல்லையென்று ஆகிவிடாது, ஏனெனில் அது இருந்தாலும் கண்ணுக்குப் படாத ஜாதி என்று வேடிக்கையாக உதாரணமும் காட்டினார்கள்.

இந்தப் பழைய நிபந்தனை எனக்கு நினைவுக்கு வந்த சந்தர்ப்பம் சற்று விசித்திரமானது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ராக்கி மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், குரோஸ்நெஸ்ட் கணவாயை அடுத்த கிராஸி மவுண்டன் என்னும் மலையைப் பிளந்து நிலக்கரி எடுக்கலாமா, கூடாதா என்று பத்தாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் விவகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். நீர், மீன், தூசி, வேலைவாய்ப்பு, பூர்வகுடிகளின் உரிமை என்று அந்த விவகாரத்துக்குப் பல கிளைகள். அவற்றினிடையே அதிகம் பேசப்படாமல் ஒதுங்கி நிற்கும் கிளை ஒன்று உண்டு: எல்க் என்னும் பெரிய மான் அந்தப் பிரதேசத்தில் எங்கே கன்று ஈனுகிறது, அதை எவ்வாறு கண்டறிவது என்பது. சுரங்கத்துக்கு முன்னால் செய்யப்படும் சர்வேக்களில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் இருட்டறையில் குடம் தேடியவனின் விடையாகவே இருக்கக்கூடும் என்பதுதான் என் அபிப்பிராயம். அதற்கான காரணங்களைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த மிருகத்தின் பெயரைப்பற்றி ஒரு வார்த்தை. எல்க் என்று ஐரோப்பாவில் வழங்குவது வேறு, வட அமெரிக்காவில் வழங்குவது வேறு. ஐரோப்பியரின் எல்க்கை அமெரிக்காவில் மூஸ் என்கிறார்கள். அங்கே குடியேறிய ஆங்கிலேயர், தாங்கள் முன்பின் பாராத ஒரு பெருத்த மானைக் கண்டவுடன் கைக்குக் கிடைத்த பெயரை அதன்மேல் சூட்டிவிட்டார்கள். அவர்களுடைய இனத்தவர் இலங்கையிலும் இதே காரியத்தைச் செய்தார்கள். நுவரெலியாவில் குடியேறி வேட்டை நாய்களோடு மலையெல்லாம் திரிந்த சாமுவேல் பேக்கர், 1854-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் வேட்டைப் புத்தகத்தில், இலங்கைத் தமிழர் மரை என்றும் நம்மவர் கடமான், மிளா என்றும் சொல்லுகிற மிருகத்தை எல்க் என்றே எழுதிச் செல்கிறார். அமெரிக்க எல்க்குக்கு ஷானி மக்களின் மொழியிலிருந்து வந்த வாபிட்டி என்ற பெயரும் உண்டு. வெண்ணிறப் பின்புறம் உடையது என்று பொருள். கிராஸி மவுண்டனைச் சுற்றியுள்ள நிலத்துக்குப் பழைய உரிமை கொண்டாடும் பிளாக்ஃபுட் மக்களோ அதைப் பொனோகா என்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் குதிரை முதன்முதலாக அவர்களிடம் வந்து சேர்ந்தபோது, எல்க்கின் உருவமும் நாயைப்போல் சுமை இழுக்கும் குணமும் கொண்ட அந்தப் புதிய ஜந்துவுக்கு எல்க்-நாய் என்று பொருள்படும் பெயரையே இட்டார்கள் என்பதிலிருந்து, எந்த மிருகம் அவர்களுடைய மனத்தில் அளவுகோலாக இருந்தது என்பது விளங்கும். நமக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. ஆண் மானுக்குக் கலை என்றும் பெண் மானுக்குப் பிணை என்றும் பெயர் உண்டு. மானின் இளமையைக் கன்று என்று சொல்லலாம் என்பதற்குத் தொல்காப்பிய மரபியலின் சம்மதமும் உண்டு. ஆகையால் கலை, பிணை, கன்று என்ற நம் சொற்களையே இங்கு வழங்குகிறேன்.

இடத்தின் சரித்திரம் நீண்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். குரோஸ்நெஸ்ட் கணவாய் நிலக்கரியால் பிறந்த ஊர்களின் வரிசை. 1903-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் விடியலுக்கு முன் டர்ட்டில் மலையின் ஒரு பக்கம் சரிந்து ஃபிராங்க் என்ற சுரங்க ஊரின்மேல் விழுந்த கதையை அங்கே குழந்தைகளும் அறிவார்கள். அந்தப் பாறைக் குவியலின் நடுவேதான் இன்றைய நெடுஞ்சாலை செல்கிறது. கிராஸி மவுண்டனையும் முன் தலைமுறையினர் தோண்டினார்கள். தோண்டிவிட்டு, மூடாமல் போய்விட்டார்கள். 1976-ஆம் ஆண்டு பீட்டர் லாஹீட் தலைமையிலிருந்த மாகாண அரசு, கிழக்குச் சரிவை நான்கு வகை நிலங்களாகப் பிரித்து, எங்கே தோண்டலாம், எங்கே கூடாது என்று ஒரு கொள்கை வகுத்தது. 2020-இல் பின்வந்த அரசு அதை ரத்துசெய்ய, மாடு மேய்ப்போரும் பாடகர்களும் நகரவாசிகளும் ஒருசேர எதிர்த்தெழ, 2021 பிப்ரவரியில் கொள்கை மறுபடியும் உயிர்பெற்றது. அதே ஆண்டு ஜூன் மாதம், மாகாணமும் மத்திய அரசும் சேர்ந்து அமைத்த விசாரணைக் குழு, ஆண்டுக்கு நாற்பத்தைந்து லட்சம் டன் அளவில் இருபத்து மூன்று ஆண்டுகள் கிராஸி மவுண்டனில் கரி எடுக்க உத்தேசித்திருந்த புதிய திட்டம் பொது நன்மைக்கு உகந்ததன்று என்று தீர்ப்புச் சொன்னது. ஆயினும் விவகாரம் அதோடு முடியவில்லை. திட்டத்தை முன்வைத்த நிறுவனம் வேறு பெயருடன் திரும்பி வந்தது. 2024 நவம்பரில் குரோஸ்நெஸ்ட் கணவாய் ஊர்மக்களிடையே நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் சுரங்கத்தை ஆதரித்தார்கள். 2025-இல் ஆராய்ச்சித் துளைகள் இடவும் அனுமதி கிடைத்தது. வாக்களித்த ஊரின் எல்லைக்குள் அந்த மலை இல்லை என்பதும், மலை இருக்கிற ராஞ்ச்லேண்ட் என்னும் பக்கத்து வட்டாரம் சுரங்கத்தை எதிர்த்தே நின்றது என்பதும் இந்த நாடகத்தில் ஒரு விசேஷம்.

இனி மானுக்கு வருவோம். பிணை ஏறத்தாழ எட்டரை மாதம் கர்ப்பம் தாங்கி, மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதிக்குள் ஒரே ஒரு கன்றை ஈனுகிறது. இரட்டைக் கன்று மிகமிக அபூர்வம். ஆண்டு முழுவதும் கூட்டமாகவே வாழும் சுபாவமுடைய அந்தப் பிராணி, பிரசவ காலம் நெருங்கியதும் கூட்டத்தை விட்டுத் தனியே விலகிச் செல்கிறது. அது தேடும் இடத்துக்குச் சில லட்சணங்கள் உண்டு. திறந்த புல்வெளியும் அடர்ந்த மரநிழலும் ஒன்றையொன்று தொடுகிற விளிம்பாக இருக்கவேண்டும். மறைவுக்குப் புதரும், பால் சுரப்புக்குத் தளிர்ப் புல்லும், நடந்து எட்டும் தூரத்தில் நீரும் வேண்டும். சரிவு மிகச் செங்குத்தாக இருத்தல் ஆகாது. பனி உருகி முதற் பசுமை தலைகாட்டும் உயரம் ஆண்டுக்காண்டு மாறுவதால் இடமும் சற்றே மேலும் கீழும் நகரும். பெரும்பாலான பிணைகள் பழகிய வட்டாரத்துக்கே திரும்பி வருகின்றன என்றாலும், போன ஆண்டு ஈன்ற அதே புதரடியைத் தேடி வரும் என்று எதிர்பார்த்துப் போகிறவன் ஏமாறுவான்.

பிறக்கும்போது சுமார் பதினைந்து கிலோ எடையுள்ள கன்று சில மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கவும் தள்ளாடி நடக்கவும் வல்லது. ஆனால் ஓடிப் பிழைக்க வல்லதன்று. ஆகவே இயற்கை அதற்கு ஓட்டத்துக்குப் பதிலாக ஒளிதலைக் கொடுத்திருக்கிறது. பழுப்பு உடம்பில் வெண்புள்ளிகள், இலைகளினூடே விழும் வெயிலைப்போல. உடம்பில் வாசனை மிகக் குறைவு. தாய் நஞ்சுக்கொடியைத் தின்றுவிடுகிறது. கன்றின் மலத்தையும் மூத்திரத்தையும்கூட நக்கி அப்புறப்படுத்துகிறது. மோப்பம் பிடித்து வருகிறவனுக்கு ஒரு தடயமும் வைக்கக்கூடாது என்பதே நோக்கம். பிறகு கன்றைப் புதரில் கிடத்திவிட்டுச் சற்றுத் தூரத்தில் போய், ஒன்றும் அறியாததுபோல மேய்ந்துகொண்டிருக்கும். ஒருநாளில் சில தடவை மட்டும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். ஏறத்தாழ மூன்று வாரம் இப்படிக் கழிந்தபின், தாயும் கன்றும் மற்றத் தாய்களோடும் கன்றுகளோடும் சேர்ந்து கூட்டமாகின்றன. அந்த மூன்று வாரத்தின் முழு வித்தையும் ஒரே வித்தைதான்: காணப்படாதிருத்தல். கரடி, ஓநாய், மலைச் சிங்கம் ஆகிய கூரிய புலன்களுக்கு எதிராகப் பல்லாயிரம் ஆண்டுகள் தீட்டப்பட்ட வித்தை அது. அதிலும் எல்லாக் கன்றுகளும் தப்புவதில்லை. யெல்லோஸ்டோனில் 2003 முதல் 2005 வரை 151 கன்றுகளுக்குச் செவியில் ஒலிபரப்பி பொருத்திக் கவனித்த ஆராய்ச்சியில், இறந்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவை கரடியின் வாய்ப்பட்டவை என்று தெரிந்தது. தொழில்முறைத் தேடுநரான கரடிக்கே பல கன்றுகள் அகப்படாமல் போகுமிடத்தில், மேலே பறந்து செல்லும் ஹெலிகாப்டரிலிருந்து குனிந்து பார்க்கிற கண்ணாடிக்காரருக்கு என்ன அகப்படும்?

இந்த மான்களை எண்ணுகிற சம்பிரதாயமான முறை இப்படியிருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், பனி தரையை வெள்ளைக் காகிதமாக்கி வைத்திருக்கும்போது, கூட்டம் கூட்டமாகத் தாழ்ந்த மேய்ச்சல் நிலங்களில் இறங்கியிருக்கும் எல்க்குகளை ஆகாயத்திலிருந்து எண்ணுகிறார்கள். வெள்ளைமேல் பழுப்பு, நூறும் இருநூறுமாகச் சேர்ந்து நிற்கும், இலையுதிர்ந்த ஆஸ்பென் தோப்பு ஒன்றையும் மறைக்காது. இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. அப்போதுகூட எல்லாம் கண்ணில் படுவதில்லை என்பதை 1980-களில் ஐடஹோ மாநிலத்து ஆராய்ச்சியாளர்கள், கழுத்துப்பட்டை அணிந்த மான்களை வைத்து நிரூபித்தார்கள். இன்ன இடத்தில் இருக்கிறது என்று முன்பே தெரிந்த மான்களில் எத்தனையை விமானத்திலுள்ளவர் காணத் தவறுகிறார் என்று கணக்கிட்டபோது, சிறிய கூட்டமும் அடர்ந்த மரநிழலும் சேர்ந்தால் தவறுகள் மளமளவென்று பெருகுகின்றன என்று கண்டு, எண்ணிக்கையைத் திருத்துவதற்கு ஒரு வாய்பாடும் செய்துகொடுத்தார்கள். கன்று ஈனும் பிணையோ ஒற்றை மிருகம். நிற்கும் இடம் மரநிழல். காலமோ இலை தழைத்த ஜூன். அந்த வாய்பாட்டில் எந்தெந்த அம்சங்கள் காட்சியைக் கெடுக்கும் என்று சொல்லப்பட்டனவோ அத்தனையும் ஒருங்கே கூடிய நிலை அது. ஆகையால் பனிக்கால எண்ணிக்கை எத்தனை நேர்மையாகச் செய்யப்பட்டாலும், ஜூன் மாதத்துக் கேள்விக்கு அது விடையாகாது. சுரங்க அறிக்கையில் அழகிய வண்ணப் படமாக அச்சிட்டு, இங்கே எல்க் அடர்த்தி குறைவு என்று நிழல் தீட்டப்பட்டிருக்கிற மேட்டுச் சரிவு, பனிக்காலத்தில் மான்கள் இறங்கிவிட்டபடியால் வெறிச்சோடியிருந்த சரிவாக இருக்கலாம். ஐந்து மாதம் கழித்து அதே சரிவு பிரசவ அறையாக இருக்கலாம்.

காண முடியாதா என்றால், முடியும். ஆனால் நேரே பார்த்து அன்று. பிணைகளைப் பனிக்காலத்தில் பிடித்து, இரத்தத்திலுள்ள ஒரு புரதத்தைக் கொண்டு சினையா இல்லையா என்று சோதித்து, சினையானவற்றின் கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டை கட்டிவிடுகிறார்கள். சில ஆராய்ச்சிகளில் பிறப்புறுப்பினுள் ஒரு சிறிய ஒலிபரப்பியையும் வைப்பதுண்டு. கன்றோடு சேர்ந்து அது வெளியே விழுந்ததும், உடம்புச் சூட்டை இழந்து குளிர்வதால் அதன் துடிப்பு மாறி, இன்ன இடத்தில் பிரசவம் ஆயிற்று என்று அறிவித்துவிடும். உடம்புக்குள் ஒன்றும் வைக்காமலே கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. தினமும் பல கிலோமீட்டர் அலைகிற பிணையின் தடம், மே மாதக் கடைசியில் ஒருநாள் திடீரென்று ஒரு புள்ளியைச் சுற்றிச் சுருண்டுகொள்கிறது. பல நாள்கள் அந்த வட்டத்தைவிட்டு அகலுவதில்லை. பட்டையின் கணக்கில் தெரியும் அந்தச் சுருளே பிறப்பின் முத்திரை. புகையைக் கொண்டு நெருப்பை அறிவதுபோல, நடை நின்றதைக் கொண்டு ஈற்றை அறிகிறோம்; தார்க்கிகர் இதை அனுமானம் என்று மனமுவந்து ஒப்புக்கொள்வார்கள். ஆனால் இதற்குப் பல பிணைகள் வேண்டும், குறைந்தது மூன்று நான்கு வசந்தங்கள் வேண்டும், பணமும் பொறுமையும் வேண்டும். சுரங்கம் தொடங்கத் துடிக்கிறவனிடம் பணம் இருக்கும், மற்றது இருக்காது.

இங்கே நான் சற்றுத் தயங்குகிறேன். தேடுவதே தீங்காகிற விஷயம் இது. கொலராடோ மாநிலத்தில் 1990-களில் ஒரு பரிசோதனை நடந்தது. பட்டை அணிந்த பிணைகளைக் கன்று ஈனும் காலத்தில் மனிதர்கள் வேண்டுமென்றே கால்நடையாக நெருங்கிச் சென்று, அவை எழுந்து ஓடும்படி செய்தார்கள்; அடிக்கவில்லை, சுடவில்லை, நாயை ஏவவில்லை, வெறுமனே நடந்து சென்றார்கள். தொந்தரவு செய்யப்பட்ட மந்தையில், கோடையின் பிற்பகுதியில், தாயோடு நின்ற கன்றுகளின் விகிதம் குறைந்தது. தொந்தரவு இல்லாத மந்தையில் குறையவில்லை. ஆண்டுக்கு நூற்றுக்கு ஏழு வீதம் பெருகவேண்டிய மந்தை, பிணை ஒன்றுக்குச் சராசரி பத்துத் தடவை இவ்வாறு கூடுதலாகக் கலைக்கப்பட்டால் பெருக்கமே இன்றி நின்றுவிடும் என்று 2000-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியாளர்களுடைய கணக்கு சொல்லிற்று. தொந்தரவை நிறுத்தியபின் கன்றுகளின் விகிதம் பழைய நிலைக்குத் திரும்பியது என்பது பின்னால் வெளியான ஆறுதலான செய்தி. கலைக்கப்படும் ஒவ்வொரு தடவையும் தாய்க்குச் செலவாவது ஓட்டத்தின் சக்தி மட்டுமன்று. பால் கொடுக்கும் பிணைக்குச் சாதாரண நாளைவிட இருமடங்குக்குக் குறையாத ஆகாரம் தேவைப்படுகிற காலத்தில் மேய்ச்சல் நேரம் பறிபோகிறது, கன்று கிடக்கும் இடமும் காட்டிக்கொடுக்கப்படுகிறது. ஆகவே ஜூன் மாதத்தில் ஹெலிகாப்டரை அனுப்பிக் கன்றுகளைத் தேடிப் பிடித்து எண்ணிவிடுவோம் என்று ஒருவர் உற்சாகப்பட்டால், அவரைக் கையைப் பிடித்து உட்காரவைக்க வேண்டியதும் நம் கடமை.

சுரங்கத்தின் சப்தம் கன்றை என்ன செய்யும் என்பதையே நேராகக் கேட்டுப் பார்த்தவர்களும் உண்டு. ஐடஹோவின் தென்கிழக்கில், சோடா ஸ்பிரிங்ஸ் ஊரைச் சுற்றிய மலைகளில், பாஸ்பேட் சுரங்கங்கள் பெருகிவந்த காலத்தில், மூன்று ஆராய்ச்சியாளர்கள் எல்க் கன்றுகளுக்கு ஒலிபரப்பி பொருத்தி, சிலவற்றின் அருகே மனிதர்களை நடமாடவிட்டும், சிலவற்றின் அருகே சுரங்க வேலையின் ஓசையைச் செயற்கையாக எழுப்பியும், சிலவற்றைச் சும்மா விட்டும் கவனித்தார்கள். 1985-இல் வெளிவந்த அவர்களுடைய முடிவு இது: கலைக்கப்பட்ட கன்றுகள் அதிக தூரம் நகர்ந்தன; பரந்த நிலப்பரப்பில் திரிந்தன; நல்ல இடம் எது என்று தேர்ந்தெடுக்கும் விவேகம் அவற்றிடம் தளர்ந்தது. அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பல தடவை திரும்பப் படித்தேன். சாவு இன்ன எண்ணிக்கை, இழப்பு இத்தனை என்று அறிக்கையில் கட்டமிட்டுக் காட்டக்கூடிய தீங்கு அன்று அது. ஒளிவதற்கென்றே பிறந்த ஒன்று, ஒளியத் தகுந்த இடத்தை விட்டு எங்கேயாவது கிடந்தால் போதும் என்று ஆகிவிடுவது.

தென்மேற்கு ஆல்பர்ட்டாவிலேயே, அதாவது நம் விவகாரம் நடக்கும் சீமையிலேயே, எல்க்குகள் தலையை உயர்த்தி மிரண்டு பார்ப்பதைக் கணக்கெடுத்து 2012-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஓநாய், கரடி இவற்றால் விளையும் மிரட்சியைவிட மனிதனால் விளையும் மிரட்சியே அதிகம் என்றும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வண்டி என்ற அளவைத் தாண்டினாலே அவற்றின் நடத்தை மாறிவிடுகிறது என்றும் அதில் கண்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வண்டி! நம்முடைய கிராமத்துச் சாலையை அவ்வளவு அமைதியாகக் கற்பனை செய்வதுகூட நமக்குக் கடினம். இராப்பகலாகக் கரி ஏற்றும் பெரிய லாரிகள் செல்லும் சுரங்கச் சாலையை என்னவென்று சொல்வது? அதே பிரதேசத்து ஆராய்ச்சியாளர் சிலர் 2017-இல் இன்னொரு செய்தியும் சொன்னார்கள். பிணைகள் வயது ஏற ஏற வேட்டைக்காரரைத் தவிர்க்கக் கற்றுக்கொள்கின்றன. ஒன்பது பத்து வயதைக் கடந்த பிணை வேட்டைக்காரன் கையில் சிக்குவது அரிதிலும் அரிது. எந்த ஆயுதத்துக்கு எந்தக் காடு, எந்த நேரத்துக்கு எந்தச் சரிவு என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மந்தையின் நிலஞானம் இப்படிப்பட்ட சில கிழப் பிணைகளின் தலைக்குள்ளேதான் இருக்கிறது. சர்வேத் தாளில் அவையும் மற்றவைபோல ஒவ்வொரு கோடுதான்.

இதற்கு எதிர்க்கட்சிக்காரர் சொல்லத்தக்க வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நியாயமன்று. எல்க்குக்குச் சுரங்கம் பகை என்று யார் சொன்னது, கென்டக்கியைப் பாருங்கள் என்பார்கள். அந்த மாநிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே அற்றுப்போன எல்க்கை, 1997 முதல் 2002 வரை மேற்கு மாநிலங்களிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு உருப்படிக்கு மேல் லாரியில் கொண்டுவந்து விட்டார்கள். விட்ட இடம், கரிக்காக மலையுச்சிகளைச் சீவித் தள்ளிவிட்டுப் பிறகு புல் விதைத்த சுரங்க நிலம். இன்று அங்கே பதினாயிரத்துக்கு மேல் பெருகியிருப்பதாகக் கணக்கு. உண்மைதான், ஆல்பர்ட்டாவிலேயே பழைய சுரங்கங்களின் புல்தரையில் காட்டு ஆடுகள் செழித்து மேய்கின்றன. ஆனால் கென்டக்கி காட்டுவது, வெடியும் லாரியும் ஓய்ந்து, புல் முளைத்து, ஓநாயும் பெருங்கரடியும் இல்லாத, பனி கடுமையற்ற தேசத்தில், புதிதாகக் கொண்டுவந்து விடப்பட்ட மான்கள் வாழும் என்பதைத்தான். கிராஸி மவுண்டனில் கேள்வி அதுவன்று. இருபத்து மூன்று ஆண்டு வெடி நடக்கும்போது, ஏற்கெனவே அங்கே ஈனுகிற பிணைகள் எங்கே போய் ஈனும் என்பது. இருபத்து மூன்று ஆண்டு என்பது பிணைகளின் கணக்கில் பல தலைமுறை. வழியறிந்த கிழப் பிணைகள் அத்தனையும் அதற்குள் மடிந்துவிடும். பிறகு முளைக்கும் புல்லை யார் யாருக்குக் காட்டிக்கொடுப்பது?

இன்னொரு சங்கடம் சட்டத்தைச் சார்ந்தது. 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அச்சாணி, ஓடைகளில் வாழும் ஒருவகை டிரவுட் மீனும், கரிப்பாறையிலிருந்து நீரில் கசியும் செலினியமும்தான். அந்த மீன் அருகிவரும் இனமென்று கனடாவின் சட்டத்தில் பதிவு பெற்றது. அதன் ஓடைக்கு ஒரு சட்ட அந்தஸ்து இருக்கிறது. செலினிய விஷயத்திலோ மலைக்கு மறுபக்கத்துப் பாடம் கண்முன்னே இருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் எல்க் ஆறு பாயும் பள்ளத்தாக்கில், எல்க்கின் பெயரையே தாங்கிய அந்த ஆற்றின் கிளையாற்றில், நிலக்கரிச் சுரங்கங்களின் செலினியம் கலந்த குற்றத்துக்காக டெக் என்னும் சுரங்க நிறுவனத்தின்மேல் அதே 2021-ஆம் ஆண்டு மார்ச்சில் ஆறு கோடி கனடிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டிருந்தது. எல்க்குக்கு இப்படி ஒரு சட்டத் துணையும் இல்லை. அது அருகிவிடவில்லை, ஏராளமாக இருக்கிறது, அனுமதிச் சீட்டு வாங்கி வேட்டையாடவே கூடும். மிகுதியாக இருப்பதே அதன் குற்றம் என்று சொல்லத் தோன்றுகிறது. அழிவின் விளிம்புக்கு வந்த பிறகுதான் ஓர் உயிரின் பிரசவ ஸ்தலத்துக்குப் பாதுகாப்பு என்ற ஏற்பாடு, படுத்த படுக்கையான பிறகுதான் வைத்தியம் என்பதைப் போன்றது.

நான் நிலக்கரியின் ஜென்ம விரோதி அல்லன். அந்த மலையில் கிடப்பது அடுப்புக்கரி அன்று, எஃகு உலைக்கான கரி. கனடாவின் இவ்வகைக் கரியை வாங்குகிற நாடுகளில் இந்தியாவும் ஒன்று, ஆகையால் நம் வீட்டுக் கூரையைத் தாங்கும் கம்பியில் ராக்கி மலையின் பங்கு கொஞ்சம் இருக்கவும் கூடும். கடைகள் மூடிக்கொண்டு, இளைஞர்கள் வெளியேறி, நினைவுச் சின்னங்களே எஞ்சிய ஊர்க்காரர்கள் வேலை வேண்டும் என்று வாக்களித்ததைப் பழிக்க, பல நூறு காதத்துக்கு அப்பாலிருந்து எனக்கு அதிகாரமும் இல்லை. நான் கேட்பது மிகச் சிறியது. தோண்ட விரும்புகிறவனே சர்வேக்காரனுக்குக் கூலி கொடுக்கிற இந்த ஏற்பாட்டில், காணவில்லை என்பதை இல்லை என்று எழுதும் சலுகையை அவனுக்குத் தரக்கூடாது. இருந்திருந்தால் கண்டிருப்போம் என்று எதனால் சொல்கிறாய், எத்தனை பிணைக்குப் பட்டை கட்டினாய், எத்தனை வசந்தம் காத்திருந்தாய், எந்த மாதத்தில் பறந்தாய் என்று விசாரணைக் குழு கேட்கவேண்டும். தலைமுறை தலைமுறையாக அந்தச் சரிவுகளில் மாடு மேய்ப்பவர்களும், பீக்கனி, கைனை முதலிய பிளாக்ஃபுட் மக்களும் ஜூன் மாதத்தில் எந்தப் பக்கம் போகக்கூடாது என்று தெரிந்துவைத்திருப்பதைப் பிற்சேர்க்கையில் தள்ளாமல் முதல் அத்தியாயத்திலேயே சேர்க்கவேண்டும். அத்தாட்சி கொடுக்கும் பாரம் தோண்டுகிறவனுடையது; ஒளிந்திருக்கும் பிணை தன்னை நிரூபிக்க வெளியே வந்து நிற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று.

இப்போதுள்ள விதிகளைப் பார்த்தால் ஒரு விநோதம் தெரிகிறது. மான்கள் கூடிநிற்கும் பனிக்கால மேய்ச்சல் நிலங்களுக்கு ஆல்பர்ட்டாவில் ஓரளவு காப்பு இருக்கிறது; குறித்த குளிர்மாதங்களில் அங்கே துளையிடுதல் முதலிய வேலைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. விமானத்திலிருந்து எண்ணப்பட்ட காலமும் அதுவே, காக்கப்பட்ட காலமும் அதுவே. பனி உருகியதும் அந்தக் கட்டுப்பாடு முடிந்து, ஈரம் காய்ந்த மலைச்சாலையில் துளையிடும் இயந்திரங்கள் மேலேறத் தொடங்குகிற நாள்களில்தான், பிணைகளும் கூட்டத்தைப் பிரிந்து, ஒவ்வொன்றாக, அதே சரிவுகளில் மேலேறுகின்றன.